வெட்டாதேன்னு சொல்லாதே: ரீயூனியன் தீவுல ஒரு பேஸ் நோட் டைரி

நாள் 1, செவ்வாய் ராத்திரி, சென்-ஆந்த்ரே

மும்பை, மொரீஷியஸ், அங்கிருந்து முக்கா மணி நேரம் ஒரு குட்டி ஃப்ளைட், ஒருவழியா ரீயூனியனுக்கு வந்து சேந்தாச்சு, இந்தியப் பெருங்கடல்ல ஃபிரான்ஸுக்குச் சொந்தமான தீவு, சித்தி வீடு சென்-ஆந்த்ரேங்கற ஊர்ல. ஏர்போர்ட் பேரு ரோலாந் காரோஸ், டென்னிஸ்காரர் பேருன்னு நெனச்சுட்டிருந்தேன், ஆனா அவரு 1888ல இந்தத் தீவுல பொறந்த விமானியாம், பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்குத்தான் அவரு பேர வச்சிருக்காங்க. வாட்ச்ச ஒன்றரை மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சுட்டு வெளிய வந்தா சித்தி நிக்கறாங்க, கையில ஸ்வெட்டர். ஜூலை மாசம் இங்க குளிர்காலம், மலை மேல நடுங்குமாம்.

எதுக்கு வந்தேன்னு கேக்கறவங்களுக்கு: சித்தி காரைக்கால்ல வாக்கப்பட்டாங்க, சித்தப்பாவுக்கு ஃபிரெஞ்சு குடியுரிமை, முப்பது வருஷம் முன்னாடி இங்க கணக்கு வாத்தியாரா வந்தவரு இப்ப ரிட்டயர்டு. அவங்க பையன், என் தம்பி, ஒரு பழைய பெஜோ 106 வச்சுட்டு லோக்கல் ராலி ஓட்டறான். அவன் பக்கத்துல உக்காந்து நோட்ஸ் படிச்ச பையன் வேலை கெடச்சு பாரிஸ் பக்கம் போயிட்டான், ஞாயித்துக்கிழமை ராலி, ஆள் இல்ல. நான் கோயமுத்தூர்ல எட்டு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து கத்தறவ. "அக்கா நீ வா"ன்னு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். லைசன்ஸு, வெளிநாட்டுல ஓட்ட நம்ம ஃபெடரேஷனோட அனுமதி லெட்டர், விசா, இதெல்லாம் அலஞ்ச கதைய விடுங்க.

பேஸ் நோட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ராலியில டிரைவருக்கு ரோடு மனப்பாடம் கெடையாது, முன்னாடியே மெதுவா ஒரு தடவ ரெண்டு தடவ போய்ப் பாத்து ஒவ்வொரு வளைவும் எவ்வளவு கூர், எவ்வளவு தூரத்துல, மேடா பள்ளமா, உள்பக்கம் கல்லு இருக்கா மண்ணு இருக்கான்னு சுருக்கெழுத்துல எழுதிக்குவோம், ரேஸ் அன்னிக்கு அதைக் கோ-டிரைவர் ஒண்ணு ரெண்டு வளைவு முன்கூட்டியே படிச்சுட்டே போகணும். டிரைவர் கண்ணால பாக்கறது பாதி, காதால பாக்கறது பாதி.

ராத்திரி சாப்பாடு கோழிக் காரி, இங்க குழம்புக்குக் காரின்னுதான் பேரு, சோறும் தக்காளி ருகாயும், சட்னி மாதிரி. தட்ட எடுத்து வச்சதும் தம்பி அந்தப் பழைய பையனோட மூணு நோட்டக் கொண்டாந்து போட்டான். பிரிச்சுப் பாத்தா ஒரே டிகிரி. கோஷ் 80, த்ருவாத் 110ன்னு, கோஷ்னா இடது, த்ருவாத்னா வலது. ஃபிரெஞ்சுக்காரங்க நெறைய பேர் வளைவ கோணத்துல எழுதுவாங்க. நான் பழகினது ஒண்ணுல இருந்து ஆறு, ஒண்ணு ரொம்ப மெதுவு, ஆறுன்னா பெடல அழுத்திட்டுப் போலாம். சிலர் இதையே தலைகீழா வச்சுக்குவாங்க, அவங்களுக்கு ஒண்ணுதான் வேகம், அதனாலதான் அடுத்தவன் நோட்ட எடுத்துப் படிக்கறது தற்கொலைக்குச் சமம். கணக்கு வாத்தியார் விடுவாரா, "டிகிரின்னா துல்லியம்மா, மூணுன்னா என்ன மூணு? எதுக்கு மூணு?"ன்னு அரை மணி நேரம். தம்பி கடைசில ஒண்ணு சொன்னான் பாருங்க, "அப்பா, நூத்திப்பத்துக்கும் நூத்தி இருபதுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியல, அவன் எழுதுவான் நான் ஓட்டுவேன்." சரி, நம்பர் முறைதான். ஆனா எந்த பாஷையில? எனக்கு ஃபிரெஞ்சு மெனு கார்டு அளவுக்குத்தான் தெரியும். அவனுக்கு இங்கிலீஷ் வந்தாலும் யோசிச்சுதான் வரும். ரெண்டு பேருக்கும் யோசிக்காம வர்ற ஒரே பாஷை சித்தி சமையக்கட்டுல பேசற தமிழ்.

தமிழ்ல பேஸ் நோட் நானும் எழுதினதில்ல. தூக்கம் வருது, மிச்சம் நாளைக்கு.

நாள் 2, புதன், சிலாவோஸ் போய் வந்து

ராலி ரோட்டுக்குள்ள வெள்ளிக்கிழமை வரைக்கும் போகக்கூடாது, அது ரூல். அதனால பாஷைய மட்டும் சோதிக்கலாம்னு சித்தப்பாவோட ரெனோ க்ளியோவ எடுத்துட்டு சும்மா டூரிஸ்ட் மாதிரி சிலாவோஸ் கிளம்பினோம். தீவு நடுவுல ப்ளேன் தே பால்மிஸ்த் வழியா மூடுபனியில ஏறி அந்தப் பக்கம் எறங்கி, சென்-லூயில இருந்து மலை ரோடு. நானூறு வளைவுன்னு ஊரே சொல்லுது, நான் எண்ணல. ஒரு எடத்துல ரோடு தன் மேலயே பாலம் போட்டு ஏறி சுத்திட்டுப் போகுது, ஒரு வண்டி மட்டும் போற குகை இருக்கு, எதுர்ல பஸ் வந்தா ஹார்ன் அடிச்சுட்டுப் பின்னாடி போகணும். வால்பாறை நாப்பது கொண்டை ஊசி பாத்து வளந்தவதான், ஆனாலும் இங்க வயித்தப் பெசஞ்சுது, அதுக்குக் காரணம் ரோடு இல்ல, சீட்டு.

நம்மூர்ல நான் எடது பக்கம் உக்காருவேன். இங்க வண்டி வலது பக்கம் போகும், ஸ்டியரிங் எடது பக்கம், நான் வலது பக்கம். பெரிய விஷயமான்னு கேப்பீங்க. நான் சோத்தாங்கையில எழுதறவ. நம்மூர் கார்ல என் வலது முழங்கைக்கு நடுவுல தாராளமா எடம் இருக்கும், இங்க முழங்கை நேரா கதவுல இடிக்குது. பத்து வளைவுக்குள்ள எழுத்து கோழி கெளறின மாதிரி ஆயிருச்சு. நோட்ட எடது தொடைக்கு மாத்தி, கொஞ்சம் சாச்சு வச்சு, பென்சில குட்டையா வெட்டிப் புடிச்சதும்தான் சரியாச்சு. ரேஸ் கார்ல கதவோட ரோல் கேஜ் கம்பியும் சேரும், கார் உருண்டா காப்பாத்தற இரும்புக் கூண்டு அது.

இனி வார்த்தைக்கு வருவோம். மொதல் பிரச்சனை எடது வலது. "இடது", "வலது" ரெண்டும் "து"ல முடியுது, மொதல் எழுத்து போச்சுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். லெஃப்ட் ரைட்னு சொன்னா அவன் ஒரு நொடி யோசிக்கறான், அந்த ஒரு நொடியில கார் மரத்துல இருக்கும். சின்ன வயசுல சித்தி சொல்லிக்குடுத்த எடது வலது அவனுக்கு என்ன தெரியுமா, பீச்சாங்கை, சோத்தாங்கை. உண்மையில சத்தத்துல தப்பாக் கேக்கவே வாய்ப்பில்லாத ஜோடி அதுதான், பீச்சா, சோத்து, எவ்வளவு தெளிவு! ஆனா கார் உள்ள கேமரா இருக்கும், அந்த வீடியோவ நாலு பேரு பாப்பாங்க, "பீச்சா மூணு"ன்னு நான் கத்தறத என் மாமியாரும் பாப்பாங்க. வேண்டாம். கடைசியில கோஷ், த்ருவாத் ரெண்டையும் ஃபிரெஞ்சாவே வச்சுக்கிட்டோம், ரோடு கத்துக்கிட்டது அவன் இந்த ஊர்ல, அவன் காதுக்குள்ள அந்த ரெண்டும்தான் ஸ்டியரிங்கோட ஒட்டி இருக்கு. என் நாக்கு சுளுக்கிக்கறது என் பாடு.

கொண்டை ஊசி வளைவுன்னு முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த வளைவே முடிஞ்சிரும். அதனால "ஊசி". போகப் போக இறுகற வளைவுக்கு "இறுக்கு", அகலமாகறதுக்கு "விரி", ஏறி மறையற எடத்துக்கு "மேடு". எறங்கும்போதுதான் பெரிய விஷயம் மாட்டுச்சு.

வளைவோட உள்பக்கத்த டயர் ஏத்தி குறுக்கால போறதுக்கு நாம "கட்" சொல்லுவோம், இவங்க "கோர்த்". உள்பக்கம் கல்லோ சிமெண்ட் சாக்கடையோ இருந்தா "டோன்ட் கட்", இவங்க "பா கோர்த்". நான் ஜோரா "வெட்டு", "வெட்டாதே"ன்னு எழுதிட்டேன். ஒரு வளைவுல "கோஷ் மூணு வெட்டாதே"ன்னு படிக்கறேன், க்ளியோவுல, முப்பது கிலோமீட்டர் வேகம்தான், அவன் பாட்டுக்கு உள்ள வெட்டறான். ஏன்டான்னா, "நீ வெட்டுன்னுதானே சொன்ன?" ஜன்னல் தொறந்திருந்துச்சு, பின்னாடி பைக் சத்தம், கடைசி பாதி கேக்கல. அப்பதான் எனக்கு உறைச்சுது. நம்ம பாஷையில வேண்டாம்ங்கறது வார்த்தையோட வாலுல வரும். வெட்டு, வெட்டாதே, ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. வாலு அறுந்தா அர்த்தம் தலைகீழ். ஃபிரெஞ்சுல தலை அறுந்தா அதே கதி, பா கேக்கலேன்னா வெறும் கோர்த். மனுஷன் பேச இதெல்லாம் போதும், எஞ்சின் கத்தற எடத்துல மறுப்புக்குத் தனி வார்த்தை வேணும்.

சிலாவோஸ்ல பருப்பு வாங்கினோம், அந்த ஊர் பருப்புக்கு நல்ல பேரு. சித்தி ஆர்டர்.

நாள் 2 தொடர்ச்சி, ராத்திரி 11 மணி, மிக்ஸி டெஸ்ட்

இதை எழுதாம தூங்க முடியாது. சித்தி கல்யாணமாகி வரும்போது தூக்கிட்டு வந்த மிக்ஸி, நம்ம கோயமுத்தூர் சரக்கு, இன்னும் ஓடுது, ஓடினா பக்கத்து வீட்டு நாய் கொலைக்கும். அதை சமையக்கட்டுல போட்டுட்டு நான் பக்கத்துல நின்னு நோட்ஸ் படிக்கறேன், தம்பி ஹால்ல தலைக்கு ஹெல்மெட் மாட்டிட்டு உக்காந்து காதுல விழுந்தத எழுதறான், சித்தப்பா பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி செவப்பு பேனாவோட. சித்தி தேங்காச் சட்னி வேற அரைச்சுக்கிட்டாங்க, வேலை வீணாகக்கூடாதாம்.

மொத சுத்துல அறுபதுக்கு நாப்பத்தொண்ணு. எது எது தேறலேன்னா, வெட்டாதேக்கு பதிலா "தள்ளி"ன்னு வச்சிருந்தேன், ரோட்டுல குறுக்கால ஓடற ஆத்துக்கு "தண்ணி". தள்ளி, தண்ணி, ரெண்டும் அவனுக்கு ஒண்ணாத்தான் கேட்டுச்சு. எழுபதும் எண்பதும் ஒண்ணு. இருபதும் இறுக்கும் ஒண்ணு. ஆத்துக்கு "ஆறு"ன்னே வைக்கலாமேன்னு சித்தி கேட்டாங்க. வச்சா "த்ருவாத் ஆறு"ன்னா ஃபுல் வேகத்துல போகணுமா, தண்ணிக்குள்ள போகணுமா? இந்தத் தீவுல ரதியேன்னு ஒண்ணு உண்டு, பாலம் கெடையாது, ஆத்துப் படுகையில சிமெண்ட் போட்டு மேலயே ரோடு, மழை வந்தா தண்ணி ஏறிரும். அங்க ஆறுன்னு கத்தினா மீன் புடிக்கத்தான் போகணும்.

ரெண்டாவது சுத்துக்கு முன்னாடி மாத்தினோம். வெட்டாதேக்கு "கல்லு". உண்மையில கல்லு இருக்கோ இல்லையோ, கல்லுன்னு கேட்டா எவன் வெட்டுவான்? தூரத்துல இருபது, எழுபது ரெண்டும் வேலைய விட்டுத் தூக்கியாச்சு, முப்பது அம்பது எண்பது நூறு போதும். இன்னொண்ணு, நான் பக்கத்த தொலைச்சுட்டா "போச்சு"ன்னு சொல்லணும், சொன்ன உடனே அவன் கண்ணால ஓட்டணும். கோ-டிரைவர் பேசாம இருக்கறது தப்பாப் படிக்கறதவிட மோசம், அமைதியா இருந்தா டிரைவர் ரோடு நேரா போகுதுன்னு நெனச்சுக்குவான். ரெண்டாவது சுத்து அறுபதுக்கு அம்பத்தேழு. சித்தப்பா டிஸ்டிங்ஷன் குடுத்தாரு.

நாள் 3, வியாழன்

இன்னிக்கு எரிமலைப் பக்கம் போனோம். ப்ளேன் தே சாப்ல், செவ்வா கிரகம் மாதிரி செம்மண்ணும் கருங்கல்லும், நடுவுல ரோடு. ஃபோட்டோ போட்டா நீங்களே பாத்துக்கலாம், நான் வர்ணிக்கல. போற வழியில கொம்மெர்சோன்னு ஒரு பள்ளம், 2007 பிப்ரவரியில கமீட் புயல் வந்தப்ப மூணு நாள்ல 3,929 மில்லிமீட்டர் மழை பேஞ்ச எடம், உலக ரெக்கார்டு. அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஒரே கவலை என் நோட்டு. பேப்பர் ஈரமானா பென்சிலே திணறும், பேனா எழுதவே எழுதாது, பக்கம் பக்கத்தோட ஒட்டிக்கும். அதனால நான் எப்பவும் பென்சில், நடுத்தரக் கருப்பு, ரெண்டு பென்சில் நூல்ல கட்டி நோட்டு கம்பியில தொங்கும், மூணாவது சாக்ஸுக்குள்ள.

டீ குடிக்கும்போது சித்தப்பா, "இந்தக் காலத்துல ஏம்மா பேப்பர், டேப்லெட்ல ஓட விடக்கூடாதா?" செய்யறவங்க இருக்காங்க. எனக்கு ஒத்து வரல, பக்கம் திருப்பற அந்தக் கட்டைவிரல்லதான் நான் எங்க இருக்கேன்னு தெரியும். அப்ப அவருக்கு 1955 மில்லே மில்லியா ரேஸ் கதைய சொன்னேன். இத்தாலியில பொது ரோட்டுல சுமார் 1,600 கிலோமீட்டர், இங்கிலாந்து ரேஸ்காரர் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட டெனிஸ் ஜென்கின்சன்னு தாடிவச்ச பத்திரிகைக்காரர் பக்கத்துல. அவரு நோட்ஸ முழுக்க ஒரே காகிதச் சுருளா, அஞ்சு மீட்டருக்கு மேல நீளம், ஒரு பெட்டிக்குள்ள வச்சு மேல கண்ணாடி மாதிரி மூடி, கைப்பிடி சுத்திச் சுத்திப் படிச்சாரு. மழை பட்டாலும் நனையாது, காத்துல பறக்காது. மேல தொறந்த கார்ல கத்தினா கேக்காதுன்னு கைச்சைகை. 10 மணி 7 நிமிஷம் 48 செகண்ட், சராசரி 157 கிலோமீட்டர் வேகம், ஜெயிச்சாங்க. அவங்களுக்கும் இதே தலைவலிதான் பாருங்க, சத்தத்துல எது தப்பிக்கும்ங்கறது. மிக்ஸி டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டாங்க.

சித்தி நடுவுல, "பொம்பளைங்க யாராச்சும் இதுல பெரிய ஆளா வந்திருக்காங்களா?" 1981 இத்தாலி சான்ரெமோ ராலி, மிஷேல் மூத்தோன் ஓட்ட ஃபாப்ரிசியா போன்ஸ் படிச்சாங்க, ஆடி குவாட்ரோ, உலக ராலியில ஒரு பொண்ணு ஓட்டி ஜெயிச்சது அதுதான் மொத தடவ. ஓட்டினவங்க ஃபிரெஞ்சு, படிச்சவங்க இத்தாலி. "அப்ப நீங்க தமிழும் ஃபிரெஞ்சும் கலந்தா தப்பில்ல"ன்னு சித்தி தீர்ப்பு.

நாள் 4, வெள்ளி, ரெக்கி

ரெக்கின்னா முன்கூட்டியே ரோட்டப் பாத்து நோட்ஸ் எழுதறது. காலைல ஆறு மணிக்கு ரெக்கி கார்டு வாங்கி, க்ளியோ கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டி, கிளம்பியாச்சு. மூணு ஸ்டேஜ், அதாவது ரேஸ் அன்னிக்கு டைம் வச்சு ஓட்டற ரோட்டுத் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவதான் போகலாம், சாதாரண ட்ராஃபிக்கோட சாதாரண வேகத்துல. எதுர்ல கரும்பு லாரி. இப்ப வெட்டு சீசன், பெரிய பெரிய கூண்டு லாரி, இங்க அதுக்குக் கஷலோன்னு பேரு, திமிங்கலம்னு அர்த்தம். வளைவுல திரும்பும்போது கரும்புத் தோகை ரோட்டுல கொட்டிட்டுப் போகும், அதுல டயர் பட்டா வாழைத்தோல்.

மொத தடவ அவன் சொல்லச் சொல்ல நான் எழுதறது. ரெண்டாவது தடவ நான் படிக்க அவன் திருத்தறது. மூணாவது தடவ நிறுத்தாம முழுசாப் படிச்சு, எங்க மூச்சு வாங்குதுன்னு பாக்கறது. கேக்க சுலபம். பிரச்சனை என்னன்னா டிரைவரோட மூணு காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. காலைல குளிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா "இது நாலு அக்கா, நாலு"ங்கறான், அதே மாதிரி வளைவு பசியோட வந்தா "மூணு". அதனால நான் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன்னாடி சித்தப்பா வீட்டுக்கிட்ட இருக்கற ரவுண்டானா வளைவ ஞாபகப்படுத்துவேன், "அது மூணு. அதைவிட இறுக்கமா, தாராளமா?" தங்கத்துக்கு உரைகல் மாதிரி.

ரெண்டாவது ஸ்டேஜ் நாலாம் பக்கத்த அப்படியே காட்டறேன், கோன்னா கோஷ், த்-னா த்ருவாத், வரி ஆரம்பத்துல வர்ற நம்பர் மீட்டர்ல தூரம்:

80 மேடு
கோ 3 இறுக்கு கல்லு
30 த் 5 வெட்டு
த் 4 நீளம், மேடு மேல
50 தண்ணி !!
த் ஊசி, செவப்பு சாமி
100 கரும்பு முடியுது
கோ 3 கல்லு →

ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல போட மாட்டேன். கடைசி அம்புக்குறி என்னன்னா, அடுத்த பக்கத்து மொத வளைவு ஒட்டியே வருது, திருப்பிட்டே படின்னு எனக்கு நானே சொல்லிக்கறது. முடிஞ்சா பக்கம் எப்பவும் நூறு மீட்டர் நேர்ல முடியற மாதிரி பாத்துக்குவேன், திருப்ப நேரம் கெடைக்கும், இந்தப் பக்கத்துல அது அமையல. ஒரு தாள்ல ஒரு பக்கம்தான் எழுதுவேன், பின்பக்கம் காலி. கீழ் மூலைய குறுக்கா மடிச்சு வச்சா க்ளவுஸ் இல்லாத கட்டைவிரலுக்குத் தானா மாட்டும்.

செவப்பு சாமின்னா என்னன்னு கேப்பீங்க. தீவு பூரா ரோட்டோரத்துல செவப்பு பெயிண்ட் அடிச்ச குட்டிக் கோயில், உள்ள சென் எக்ஸ்பெதீங்கற புனிதர், மெழுகுவத்தி, பூ. நம்மூர் ரோட்டோர முனியப்பன் மாதிரி, அவசர வேண்டுதலுக்கு. நடக்கலேன்னா செலையோட தலைய ஒடைக்கறவங்களும் உண்டுன்னு தம்பி சொல்றான். வளைவுக்கு வளைவு ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி கரும்பு, நடுவுல இந்தச் செவப்பு பளிச்சுன்னு தெரியுது, அடையாளத்துக்கு இதைவிட என்ன வேணும்? நோட்ஸ்ல அடையாளம் நெறைய போடக்கூடாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, டிரைவருக்குத் தேவையில்லதான். எனக்குத் தேவை. நிமிந்து பாக்க எனக்குக் கெடைக்கறது அரை நொடி, அந்த அரை நொடியில நான் சரியான வரியிலதான் இருக்கேனான்னு யாராவது சொல்லணும், சாமி சொல்லட்டும்.

முழங்கை நீலமாயிருச்சு.

நாள் 5, சனி

ஸ்க்ரூட்டினி, கார செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டினாங்க, பெல்ட் தேதி பாத்தாங்க, வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னோம், அவ்வளவுதான்.

சாயந்திரம் ரெக்கியில எடுத்த வீடியோவ டிவியில போட்டு நோட்ஸோட ஒத்துப் பாத்தோம், ரெண்டு எடத்துல முப்பது அம்பதாச்சு. சித்தப்பா, "இவ்வளவு அடிச்சுத் திருத்தி வச்சிருக்கியே, சுத்தமா ஒரு ஃபேர் காப்பி எழுதிடும்மா"ன்னாரு. நெறைய பேர் எழுதுவாங்க, நான் எழுத மாட்டேன். ஆயிரம் வரிய ராத்திரி பத்து மணிக்குப் பாத்து எழுதினா ஒரு வரி கண்டிப்பா விடும், விட்டது எதுன்னு ரோடுதான் சொல்லும். அதோட, அடிச்ச எடம் எனக்கு ஞாபகம் இருக்கும், ரப்பர் தேச்ச அழுக்கு கூட ஒரு அடையாளம்தான். கிழிஞ்ச ஒரே ஒரு பக்கத்த மட்டும் மாத்தி எழுதி, தம்பிய படிக்கச் சொல்லி ஒப்பிட்டுட்டு வச்சேன்.

தார் ரோட்டு ராலியில பெரிய டீமுக்கு ஊவ்ரர்னு ஆள் வச்சிருப்பாங்க, ஸ்டேஜ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கார்ல போய் எங்க ஈரம், எங்க மண்ணுன்னு பாத்து நோட்ஸ்ல கலர்ல குறிச்சுக் குடுக்க. நமக்கு சித்திதான் இருக்காங்க, அவங்களுக்கு லைசன்ஸ் இல்ல. முன்னாடி போற காரெல்லாம் வெட்டி வெட்டி உள்பக்கத்து செம்மண்ண ரோட்டுக்கு இழுத்து விட்டிருக்கும், நாங்க ரொம்பப் பின்னாடி. வெட்டுன்னு எழுதின எடத்துல எல்லாம் பென்சில்ல சின்னதா "மண்ணு?"ன்னு போட்டு வச்சேன்.

நாள் 6, ஞாயிறு, ரேஸ்

ராத்திரி 12 ஆகப் போகுது, உடம்பெல்லாம் பெல்ட் தழும்பு, ஆனா இப்ப எழுதலேன்னா மறந்துரும்.

மொத ஸ்டேஜ் நல்லாப் போச்சு. கோஷ் கோஷ்னு சொல்லிட்டே வந்தவ ஒரு எடத்துல பதட்டத்துல "லெஃப்ட்"னு கத்திட்டேன், அவன் சரியாத் திரும்பிட்டான், ஸ்டேஜ் முடிஞ்சதும் "அக்கா இப்ப இங்கிலீஷா?"ன்னு சிரிப்பு வேற. டைம் கன்ட்ரோலுக்கு, அதாவது குறிச்ச நிமிஷத்துல டைம் கார்டக் குடுக்கற எடத்துக்கு, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம், தம்பிக்கு உள்ள போக அவசரம், நான் டைம் கார்டத் தொடைக்கடியில வச்சுட்டு உக்காந்துட்டேன். சீக்கிரம் போனா நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் அபராதம், லேட்டாப் போனா நிமிஷத்துக்கு 10 செகண்ட்தான். இந்த ஓட்டத்துல எதுக்கும் அவசரப்படாத ஒரே ஆள் நான்தான்.

ரெண்டாவது ஸ்டேஜ். நாலாம் பக்கம். தண்ணி, சரி. ஊசி, செவப்பு சாமி, சரி, நிமிந்து பாத்தேன், சாமி இருந்துச்சு. "நூறு, கரும்பு முடியுது"ன்னு படிச்சுட்டு, கரும்பு முடியற எடம் கண்ணுல படட்டும், கோஷ் மூண அப்ப விடலாம்னு காத்திருக்கேன். அது என் தப்பு, படிக்கறத கண்ணு பாத்து விடக்கூடாது. நிமிந்து பாக்கறேன், கரும்பே இல்ல. வெள்ளிக்கிழமை ரெண்டாள் ஒசரத்துக்கு நின்னது, வெறும் தரை, தோகை மட்டும் பரந்து கெடக்கு. சனிக்கிழமை யாரோ புண்ணியவான் வெட்டிட்டு ஃபேக்டரிக்கு அனுப்பிட்டாரு. நான் தப்பான பக்கத்துல இருக்கேன்னு மூளை முடிவு பண்ணிருச்சு. தம்பி "அடுத்து? அடுத்து?"ங்கறான். ஒரு நொடி வாய் தொறக்கல, சத்தியமா ஒரு நொடிதான், அப்பறம் "போச்சு!"

அவன் பிரேக்க மிதிச்ச மிதியில என் நோட்டு டேஷ்போர்டுல. கார் பின்னாடி வெலகி, வலது பின்சக்கரம் புல்லுல எறங்கி, நல்லவேளை கல்லு இல்ல, திரும்ப ஏறிருச்சு. நோட்டத் தேடி எடுத்தா பக்கம் மாறியிருக்கு. ரெண்டு வளைவு அவன் கண்ணால ஓட்டறான், நான் "போச்சு, போச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டிருக்கேன், கேமராவுல பாத்தா கோயில் மணி மாதிரி இருக்கு. அடுத்த திருப்பத்துல இன்னொரு செவப்பு சாமி. அஞ்சாம் பக்கம், மூணாவது வரி, "கோ 4, செவப்பு சாமி, வெட்டு". அங்க இருந்து புடிச்சுட்டேன். எட்டு செகண்டோ பத்து செகண்டோ போச்சு.

மத்தியானம் அதே ஸ்டேஜ் ரெண்டாவது ஓட்டம். நடுவுல சர்வீஸ்ல, சோறு தொண்டையில எறங்கல, செவப்பு பென்சில எடுத்து "கரும்பு முடியுது"வ அடிச்சேன். தம்பி எட்டிப் பாத்துட்டு, "அக்கா, அந்த மூணும் இப்ப மூணு இல்ல, நாலு." ஏன்டா? "கரும்பு நின்னப்ப வளைவு முடியறது தெரியல, அதான் மூணுன்னேன். இப்ப பூரா தெரியுது." பாருங்க, ரோடு மாறல, தார் மாறல, வளைவு அதேதான், ஆனா நம்பர் மாறிருச்சு. சித்தப்பாகிட்ட சாயந்திரம் சொன்னேன், டிகிரி மாறாதுல்ல, அப்ப எது துல்லியம்? ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "கரும்புக்கும் சேத்து ஒரு குணகம் போடணும்"ங்கறாரு. வாத்தியார் வாத்தியார்தான்.

ரெண்டாவது ஓட்டத்துல "கோஷ் நாலு கல்லு"ன்னு கத்தினேன், போயிட்டான். மண்ணு போட்டு வச்ச எடம் ஏழுல அஞ்சு உண்மையிலயே மண்ணு. எங்க கிளாஸ்ல அஞ்சாவது. கப்பு இல்ல. சித்தி ஃபினிஷ்ல நின்னு வண்டிக்குப் பொட்டு வச்சாங்க, சூடான பானட்டுல குங்குமம் கருகிப் போச்சு.

நாள் 7, திங்கள், கிளம்பற நேரம்

நோட்ட என்ன பண்றதுன்னு காலைல பேச்சு. ராலி முடிஞ்சா தூக்கிப் போடறவங்க உண்டு, அடுத்த வருஷம் அப்படியே எடுத்துட்டு வந்து படிக்கறவங்களும் உண்டு, ரெண்டும் தப்புதான். பழைய நோட்டு ஒரு சாட்சி மாதிரி, கேட்டுக்கலாம், அதையே நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. நான் செய்யறது: ஒவ்வொரு ஸ்டேஜ் முன்பக்கத்துலயும் தேதி, மழையா வெயிலா, என்ன டயர், எத்தனாவது ஆளா கிளம்பினோம், இது நாலும். அப்பறம் வீடியோ பாத்து, படிச்சது லேட்டான வரிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி, நம்பர் தப்பான வரிக்குக் கோடு. எதையும் ரப்பர் வச்சு அழிக்கக்கூடாது. இந்தத் தடவ புதுசா ஒரு வரி சேத்தேன்: கரும்பு நிக்குதா, வெட்டியாச்சா.

நோட்டு யாருக்குன்னு ஒரு சின்ன இழுபறி. எழுத்து என்னோடது, நம்பர் அவனோடது. ஒவ்வொரு பக்கமா ஃபோட்டோ எடுத்துட்டு நோட்ட இங்கயே விட்டேன், இந்த ரோடு இங்கதானே இருக்கு. ஆனா சென்-ஆந்த்ரே ஈரத்துல பேப்பர் ஒரே மாசத்துல பூசணம் புடிக்கும், அந்தப் பழைய பையன் நோட்டு மூணும் அப்படித்தான் கெடக்கு. சித்தி ரொம்ப யோசிக்கல, அரிசி டப்பாவ தொறந்து, நோட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அரிசிக்குள்ள சொருகறதுக்கு முன்னாடி ஒரு தடவ பிரிச்சுப் பாத்தாங்க. தமிழ்ல எழுதியிருக்கறதால அவங்களால படிக்க முடியுதே. கண்ணாடிய ஏத்திக்கிட்டு, பூஜையில ஸ்லோகம் படிக்கற ராகத்துல, "எண்பது... மேடு... கோ மூணு... இறுக்கு... கல்லு..."

ஹால்ல சோஃபாவுல படுத்திருந்த தம்பி எந்திரிக்காம அங்கிருந்தே கத்தறான், "அம்மா, லேட்டு! கல்ல முன்னாடியே சொல்லணும்!"